அவர்கள் தேடிய பௌத்தர்

எங்கள் ஆபீசுக்கு ஒரு பௌத்தர் தேவைப்பட்டார். ஏற்கெனவே இருந்த பௌத்தர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நான் தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் இருப்பவள். தினமும் ரயிலேறி பெங்களூர் ஒயிட்பீல்டு போய், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வரும் மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் ஆபீசில் வேலை செய்கிறேன். அதே ஆபீசில், எனக்கு அடுத்த வரிசையில் ஒரு அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, மாரிக்குப்பத்துக்காரர். ரயில் புறப்படுவதே அவர் ஊரிலிருந்துதான் என்பதால், கைக்குட்டை போட்டு எனக்கும் ஒரு சீட்டுப் பிடித்து வைப்பார். நான் ஏறியதும், "இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போயிருக்குது? டீ குடிக்கலையா?" என்பார். அதற்குமேல் அதிகம் பேசமாட்டார்.

அவர் வீடு பரம்பரையாகப் பௌத்த வீடு. அவருடைய கொள்ளுத்தாத்தா வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். வந்த இடத்தில் பௌத்தரானவர். தங்கவயலில் இது யாருக்கும் அதிசயம் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக விகாரைக்குப் போவார்கள். பஞ்சசீலம் சொல்வார்கள், சாப்பாடு போடுவார்கள், வீட்டுக்கு வருவார்கள்.

ஒருநாள் ஹெச்.ஆர். மேடத்திடமிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய கிளையன்ட் வருகிறார். அவர் வரும் நாளை 'எல்லா மதமும் நம் குடும்பமே' என்று கொண்டாடப் போகிறோம். மதத்துக்கு ஒருவர் மேடையேறி, அவரவர் உடையில் நின்று, இரண்டு வரி பேச வேண்டும். தேதியைப் பார்த்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வைகாசிப் பௌர்ணமி. புத்தர் பிறந்த நாள். அந்த நாளுக்கு அவர் முன்பே லீவு கேட்டிருந்தார்.

மறுநாள் எங்கள் இருவரையும் மேடம் தன் அறைக்கு அழைத்தார். சென்னைக்காரர். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்புக்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நீங்கதான் ஹிந்து," என்றார் என்னிடம், ஏதோ பதவி உயர்வு கொடுப்பதைப் போல. "பட்டுப்புடவை, மல்லிப்பூ. கையில குத்துவிளக்கு. வீட்ல என்ன சாமி கும்பிடுவீங்க?"

"மாரியம்மன் மேடம். ஆடியில கூழ் ஊத்தி, கோழி அறுப்போம்."

மேடத்தின் மூக்கு சுருங்கியது. "அதெல்லாம் ஸ்டேஜ்ல வேணாம். லட்சுமின்னு சொல்லிக்கலாம்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "லீவுக்குக் காரணம் புத்த பூர்ணிமான்னு போட்டிருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு அது?"

"நான் பௌத்தன் மேடம்."

"நீங்களா? பேரு அப்படி இல்லையே! எப்போ கன்வெர்ட் ஆனீங்க?"

"நான் ஒண்ணும் ஆவல மேடம். எங்க தாத்தா பொறக்கும்போதே பௌத்தருதான்."

மேடம் அவரை நெற்றியிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தார். முகத்தில் ஏதோ கணக்கு முடிந்தது தெரிந்தது.

"ஓ," என்றார், குரலை இறக்கி. "அந்த மாதிரி புத்திஸ்ட்டா."

'அந்த மாதிரி' என்ற இரண்டு சொல்லுக்குள் சாதி இருந்தது. வாய்விட்டுக் கேட்டால் அநாகரிகம் என்று படித்தவர்கள், கேட்காமலே இப்படித்தான் தெரிந்துகொள்வார்கள். தெரிந்துகொண்டதும் குரலை இறக்குவார்கள். அதற்குப் பெயர் நாசூக்கு.

"அன்னிக்கு யாருக்கும் லீவ் கிடையாது. எல்லா மதத்தையும் கொண்டாடற நாள்ல, நீங்க மதத்துக்காக லீவ் கேட்டா எப்படி?" இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

அண்ணன் அமைதியாக, "அப்போ மேடையில பௌத்தருக்கு நான் நிக்கட்டுங்களா?" என்றார்.

"இல்லல்ல. லுக் செட் ஆகாது. கிளையன்ட்டுக்குப் பார்த்த உடனே புரியணும்."

வெளியே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னாண்ணா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது? விகாரையில இந்த வருசம் சாப்பாடு எங்க வூட்டுப் பொறுப்பு. அரிசி களைய ஆள் வாணாமா? போய்த்தான் ஆவணும்." லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமசுக்குக் கூட வேலை பார்த்த கிறிஸ்தவருடைய ஷிப்டை இவர் பார்ப்பார், பொங்கலுக்கு அவர் இவருடையதைப் பார்ப்பார். யாரும் கூட்டம் போட்டுக் கைதட்டிக்கொண்டதில்லை. எங்கள் ஊர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அண்ணன் வீட்டில் கை நனைக்காதவர்கள் எங்கள் லைனிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மேலும் எனக்கு மதிப்பில்லை. ஆனால் அவர்கள் அதைச் செய்துகொண்டே, 'எல்லா மதமும் நம் குடும்பமே' என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதில்லை.

மேடம் தன் பௌத்தரைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் மாடியிலேயே மிசோரம் பெண் ஒருத்தி இருந்தாள். முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள். நிகழ்ச்சியன்று காலை, லேடீஸ் டாய்லெட்டில் கண்ணாடி முன்னால் அவள் அரக்கு நிறத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு விழித்தபடி நின்றிருந்தாள். நான் பட்டுப்புடவையில் போய் அவளுக்கு ஊக்கு குத்திவிட்டேன். தன் அப்பா சர்ச்சில் மூப்பர் என்றாள் இந்தியில். மேடத்திடம் அதைச் சொன்னாளாம். "இது வெறும் டிரஸ்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாராம் மேடம்.

"இந்த ஆபீசில் நிஜமாகவே ஒரு பௌத்தர் இருக்கிறார்," என்றேன். "இன்று அவர்களுடைய திருநாள். லீவு தர மறுத்துவிட்டார்கள். அவர் வராமல் விகாரைக்குப் போயிருக்கிறார்."

"இன்றைக்கா? இன்றைக்கேவா?" என்று கேட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மேடையில் வரிசையாக நின்றோம். நான் பேட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டு லட்சுமி என்றேன். நெருப்பு கூடாதாம், அலாரம் அடிக்குமாம். கிளையன்ட் வயதானவர், உயரமானவர். மிசோரம் பெண்ணின் முன்னால் வந்ததும் அவர் முகம் கனிந்துவிட்டது. கைகூப்பி வணங்கினார். உங்கள் தியானம் உங்கள் வேலைக்கு எப்படி உதவுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் மைக்கை வாங்கினாள். நான் கிறிஸ்தவப் பெண், என் அப்பா சர்ச் மூப்பர் என்றாள். எங்கள் ஆபீசில் பௌத்தர் ஒருவர் உண்டு, இன்று அவருக்குப் பண்டிகை, லீவு கேட்டார், கிடைக்கவில்லை என்றாள்.

இன்றைக்கு மாட்டினார் மேடம் என்று நினைத்தேன். அந்த முகம் கறுப்பதைப் பார்க்க ஆசையாகவே இருந்தது.

மேடம் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "இதுதான் எங்க கம்பெனியோட அழகு! ஒரு கிறிஸ்டியன் பொண்ணு, இன்னொருத்தர் மதத்துக்காகக் குரல் குடுக்கறா பாருங்க!" என்று தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். கைதட்டல் எழுந்தது. எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் கிளையன்ட்தான். அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணனுக்கு ஏன் லீவு இல்லை என்று அந்தப் பெரிய மனிதரும் கேட்கவில்லை. வெட்கம் உள்ளவரைத்தான் வெட்கப்பட வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இவர்கள் எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவர்கள்.

அண்ணன் சம்பளத்தில் ஒருநாள் பிடித்தார்கள். குழு உணர்வு போதவில்லை என்று எச்சரிக்கை மெயிலும் வந்தது. அதற்குச் சில வாரம் கழித்து, அதே மேடம் அவர் மேசைக்கே வந்து, லஞ்ச் நேரத்தில் எல்லோருக்கும் தியானம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். டென்ஷன் குறையுமாம், வேலை கூடுமாம்.

"எனக்குத் தியானம் தெரியாது மேடம்," என்றார் அண்ணன். "எங்க விகாரையில பொய் சொல்லாத, திருடாத, குடிக்காதன்னு சொல்லுவாங்கோ. வேணும்னா அத்தச் சொல்லித் தர்றேன்."

மேடம் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கதர் ஜிப்பா போட்ட ஒருவர் வெளியிலிருந்து வந்தார். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டித் தட்டி, உங்களை நீங்களே மன்னியுங்கள் என்றார். முன்வரிசையில் மேடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தன்னை மன்னிக்க அவருக்கு அதிக நேரம் பிடித்திருக்காது.

அண்ணன் அந்த வருடமே வேலையை விட்டார். மாலூரில் ஒரு குடோனில், சரக்கு வரவு பார்க்கும் வேலை கிடைத்தது. ஏசி கிடையாது, தூசி உண்டு. ரயில் அதே ரயில்தான் என்பதால் தினமும் பார்த்துக்கொண்டோம். அடுத்த வைகாசி நெருங்கியபோது, "லீவு கேட்டீங்களாண்ணா?" என்றேன்.

"கேட்டேம்மா."

"இன்னா சொன்னாரு உங்க மேனேஜரு?"

"அவுரு தெலுங்குக்காரரு, சிடுமூஞ்சி. எதுக்குன்னாரு. சொன்னேன். 'ஆள் மாத்தி வுட்டுட்டுப் போ'ன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மாலூர் வந்தது. அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி இறங்கினார். நான் ஒயிட்பீல்டுவரை போக வேண்டியிருந்தது.