மாதா பீடத்தின் அடியில் பெட்ரோல் கேன்

புயல் அடித்து மூன்றாவது வாரமாகியும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. 2012 ஜனவரி. தண்ணீர் ஏற்ற நாலு வீடு சேர்ந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் வைத்திருந்தோம். பெட்ரோல் வாங்கி வருவது அன்று என் முறை.

கடலூர் பங்க்கில் ஒரே கூட்டம். சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேனை மொபெட்டின் கால் வைக்கும் பலகையிலேயே நிறுத்தி மூடியைத் திறந்தேன். பெட்ரோல் போடுகிறவர் குழாயை நீட்டவில்லை.

"கீழ எறக்கி வைங்கண்ணே. வண்டி மேல வச்சா ஊத்த மாட்டேன். கேன்ல கரண்ட் சேந்து பொறி கெளம்பும்."

"தெருவுக்கே கரண்ட் இல்ல, என் கேனுக்கு மட்டும் எங்கேருந்துப்பா வரும்?"

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தரையில் வைத்த பிறகுதான் ஊற்றினார், அதுவும் நாலு விரல்கடை குறைவாக. "இது பெட்ரோலுக்கான கேனே இல்ல. கூட்டத்தப் பாத்து ஊத்துறேன். வீட்டுக்குள்ள மட்டும் வச்சிராதீங்க" என்றார்.

வெளியே வைத்தால் காணாமல் போகிற நாட்கள் அவை. முன்னறையில் மாதா சுரூபம் இருக்கும் மேசையின் கீழே, நீலத் துணிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மாதா காலடியில் இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. அன்று மாலை அதே மேசை மேல் மெழுகுவத்தி ஏற்றி, இரண்டு பிள்ளைகளோடும் முழங்காலிட்டுச் செபமாலை சொன்னோம். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

மறுநாள் காலை, அந்தக் கேனிலிருந்து கொஞ்சம் மொபெட்டுக்கு ஊற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் பிடித்தேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. மதியத்துக்கு மேல், சேலை மடித்துக்கொண்டிருந்த கூட்டாளி மூக்கைச் சுளித்தான்.

"இன்னா மச்சான், பங்க்லயும் வேலைக்குச் சேந்துட்டியா? நீ தொட்ட சேலையெல்லாம் நாறுது."

சட்டை நுனியை முகர்ந்து பார்த்தேன். காலையில் சிந்தியது. அப்போதுதான் மூடி ஞாபகம் வந்தது. கேனை மேசைக்கடியில் தள்ளியது நினைவிருந்தது. மூடியைத் திருகியது மட்டும் நினைவில் இல்லை. மூடினேனா? ஆறரைக்கு மனைவி மெழுகுவத்தி ஏற்றுவாள். அவளுடைய போனில் சார்ஜ் இல்லை.

முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸில் ஏறினேன். விழுந்த மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்த ரோட்டில் பஸ் ஊர்ந்தது. பாக்கெட்டில் செபமாலையை உருட்டினேன். மாலையின் பத்து மணிகள் நகர்வதற்குள் மூன்று தடவை எண்ணிக்கை தப்பியது. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கிய டிரைவரை மனசுக்குள் திட்டினேன். திட்டியதற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் திட்டினேன்.

வீட்டை நெருங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசற்படியில் சுரூபம், அதன் முன் எரிகிற மெழுகுவத்தி, சுற்றி என் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்கா. பின்னால் கதவு திறந்து கிடந்தது.

"அணைச்சிடு! மொதல்ல அத அணை!"

"மாதாவுக்கு ஏத்துனத ஏங்க அணைக்கணும்? உள்ள ஒரே நாத்தம், சின்னது வாந்தி எடுத்துடுச்சு. அதான் வெளிய கொண்டாந்தேன்."

"மேசைக்கடியில பெட்ரோல் இருக்கு."

பக்கத்து வீட்டு அக்காதான் ஊதி அணைத்தார். என் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். அங்கிருந்து கேட்டாள்:

"நேத்தும் அங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவள் பிள்ளைகளை எதிர்வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். கேன் மேல் மூடி திருகாமல் சும்மாதான் உட்கார்ந்திருந்தது. காலையில் தள்ளியபோது தளும்பியிருக்க வேண்டும். துணியின் அடிப்பாகம் நனைந்திருந்தது. மூடியைத் திருகி, கேனையும் துணியையும் பின்பக்கம் மதில் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். கையெல்லாம் பெட்ரோல் ஈரம்.

நான் தெருவுக்கு வந்தபோது சுரூபம் எதிர்வீட்டு வாசலில் இருந்தது. மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. நானும் முழங்காலிடப் போனேன்.

"அங்கயே நில்லுங்க! கிட்ட வராதீங்க" என்றாள் மனைவி.

நின்றேன்.

"அப்பா ஏம்மா அங்க நிக்கறாரு?" என்றாள் சின்னவள்.

"அவுரு அங்கேருந்தே சொல்லுவாரு. நீ கைய கூப்பு."

ஈரக் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருவின் இந்தப் பக்கம் நின்றபடியே செபம் சொன்னேன்.