நோட்டில் எழுதாத இருபதாவது கேள்வி

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட நேரம் அது. நெய்வேலியில் ஒரு சுரங்க கேன்டீனில் கான்ட்ராக்டில் சமையல் வேலை பார்க்கிறேன். விடியற்காலை ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள் வருவதற்குள் இட்லி வெந்திருக்க வேண்டும். தினமும் என்னை வண்டியில் ஏற்றிப்போன பக்கத்து பிளாக் அக்கா, வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. கணவருக்கோ இரவுக் காவல் வேலை. காலை ஏழு மணிக்குத்தான் வருவார். இரண்டு நாள் தாமதமாகப் போனேன். "இன்னொரு நாள் லேட்டானா வேற ஆள் போட்டுடுவேன்" என்றார் சூப்பர்வைசர்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தவர் என் கணவர். பயந்தது நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதையும் எழுதி வைத்துக்கொண்டால்தான் வாய் வரும். மகளின் பழைய நோட்டில் பத்தொன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு பண்ருட்டிக் கடைக்குப் போனேன். மழையில் ஷாக் அடிக்குமா, வெயிலில் வெடிக்குமா, பாதி வழியில் நின்றால் உருட்ட முடியுமா?

"ஊருக்கே கரண்ட் குடுக்கிற எடத்துல இருந்துகினு, கம்பத்தப் பாத்தாலே ஒதுங்கி நடப்பா இவ" என்று கணவர் என் மானத்தை வாங்கினார்.

கடையிலிருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கேக்கட்டுங்கண்ணே, ஓட்டப்போறது அவங்கதான" என்றார். பத்தொன்பதுக்கும் சலிக்காமல் பதில் சொன்னார். எனக்கு ஒரு நீல வண்டி பிடித்துப்போயிற்று. அதன் பேட்டரியைக் கழற்ற முடியாது, வண்டி நிற்கும் இடத்திலேயே சார்ஜ் போட வேண்டும் என்றார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார்ஜ் எங்கக்கா போடுவீங்க?"

"கீழேயே பிளக் இருக்கு" என்றேன். பொய். நாங்கள் இருப்பது மாடியில். பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவதுதான் என் திட்டம். என் பெரிய பயமே அதுதான். முடியாது என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடுமே என்று அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியின் கண்ணாடியைத் திருப்பத் தொடங்கினார்.

படிவத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தேன். 'மாடி' என்று என் கையே எழுதியிருந்தது. அந்தப் பெண் படித்தார், பேனாவை மூடினார். என்னிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போய் கழற்றி எடுக்கக்கூடிய வேறொரு வண்டியின் பேட்டரியைத் தூக்கி வந்தார்.

"இதத் தூக்கிக்கினு நம்ம கடைப் படியில ஒருக்கா ஏறி எறங்குங்கக்கா."

ஏறினேன். மூச்சு வாங்கியது.

"இட்லிக் குண்டானே தூக்குறவ, இதுக்குப் போயி..." என்று கணவர் சிரித்தார்.

"குண்டானுக்கு ரெண்டு பேரு புடிப்பாங்கண்ணே" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "எங்க வூடும் மாடிதாங்க்கா. ஒயரத் தொங்கவுடலாம்னு மொதல்ல நானும்தான் நெனச்சேன். மழைக்கு ஆவாது."

என் முகம் சூடாகிவிட்டது.

எனக்குத் தோதாக, ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கிப்போகும் சின்ன பேட்டரி இரண்டு உள்ள வண்டி அவர் கடையில் இல்லை. எதிர்ச் சாரியிலிருந்த வேறு கடைக்கு அவரே போன் போட்டு, இருக்கிறதா என்று கேட்டுச் சொன்னார். "போய் ஏறி எறங்கிப் பாத்துட்டு வாங்குங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் எங்க மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க!" கையில் வந்த விற்பனையைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

அந்த வாரமே பேய் மழை. நான் ஒயர் தொங்கவிட நினைத்திருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். எதிர்க் கடையில் வாங்கிய வண்டியின் பேட்டரிகள் வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை என் இட்லி நேரத்துக்கு வெந்திருந்தது.

இன்றும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன், அது போகாது. ஆனால் பேட்டரியோடு படியேறும்போதெல்லாம், என் பொய்யைக் கண்டுபிடித்தும் என்னைத் தலைகுனிய விடாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் எழுதத் தயங்கும் கேள்வியைத்தான் நோட்டில் முதலாவதாக எழுதுகிறேன்.