பெய்யக்கூடும்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கூடும்'. வானிலை முன்னறிவிப்புப் பிரிவில் ஒரே மேசையில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றே ஒன்றைத் தவிர, அவர் எழுதிய எந்த அறிக்கையும் பெய்யும், வீசும் என்று முடிந்ததில்லை. பெய்யக்கூடும், வீசக்கூடும், அதுவும் சில இடங்களில் மட்டும். எந்தப் பக்கம் பிடித்தாலும் பிடி கொடுக்காத வாக்கியங்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், இளரத்தம், 'நாளை கடும் பனி பெய்யும்' என்று எழுதிவிட்டார். நாலு பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மறுநாள் வெயில் பல்லைக் காட்டியது. அப்போதிருந்த மேலதிகாரி கூப்பிட்டு, "எழுதறப்போ கொஞ்சம் இடம் விட்டு எழுதுய்யா. மேல இருக்கிறது நம்ம பேச்சைக் கேக்காது" என்றார். இவர் விட்ட இடம் இருக்கிறதே, அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால், "சரியா இருக்கக்கூடும்" என்பார்.

"வாயில போட்டுட்டுத்தானே சொல்றீங்க?" என்பாள் அவள்.

மனைவி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால், கைநிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் புருஷனோடு சேர்ந்து சைக்கிள் கடை வைக்கப்போவதாக வந்து நின்றாள். "சரியா வருமாப்பா?" என்று கேட்டாள். ஆசீர்வாதமோ திட்டோ, இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டாள். "வரக்கூடும்" என்றார் இவர்.

"ஒரே ஒரு தடவை எனக்கு நேரா பதில் சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பேச்சு அம்மாவோடு மட்டும். பிரசவத்துக்கும் அம்மா மட்டும் போய்வந்தாள். இவரை யாரும் அழைக்கவில்லை. தானாகக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது, போட்டோவில் பார்த்ததோடு சரி. அந்த போட்டோவை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது பக்கத்தில் வந்தால் அதன்மேல் கோப்பு ஒன்றை நகர்த்திவிடுவார்.

விடுமுறைக் காலம் வந்தது. வருடத்தில் அந்தப் பத்து நாட்கள்தான் ஊர் மொத்தமும் இந்த அலுவலகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும், அல்லது போட்டு உடைக்கும். பஸ் டிப்போவிலிருந்து போன், விடுதிக்காரர்களிடமிருந்து போன், காரைக் கழுவலாமா வேண்டாமா என்று ஒருவர் தினமும் போன். இந்த முறை கணினிக் கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. மேகக்கூட்டம் வடக்கே ஒதுங்கும் என்றது ஒன்று. சனிக்கிழமை மலைக் கணவாய்மேல் உட்காரும் என்றது இன்னொன்று. இவர் வழக்கம்போல எழுதினார்: 'சனிக்கிழமை மலைப்பாதையில் பனி பெய்யக்கூடும்.'

வியாழக்கிழமை மத்தியானம், அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, மகள் போன் செய்தாள். அம்மாவுக்கு இல்லை, அவருக்கு.

"அப்பா, லீவுக்குக் கடையை மூடறோம். சனிக்கிழமை பாப்பாவை எடுத்துக்கிட்டு வரலாம்னு பாக்கறேன். வரலாமா?"

அவர் கண்முன்னே கணவாய் வந்தது. சறுக்கும் வளைவு வந்தது, கம்பளியில் சுற்றிய குழந்தை வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகக் 'கூடும்' நாக்கில் ஏறவில்லை.

"வராதே" என்றார்.

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

நேராகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு அவர் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வராதேன்னா சொன்னீங்க? பனி, பாதைன்னு ஒண்ணும் சொல்லலையா?"

"பனிக்காகத்தான்னு அவளுக்குத் தெரியாதா?"

"அவ கேட்டது பனியைப் பத்தி இல்லைங்க."

சாயங்காலம் மனைவியின் போனுக்கு மகளிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ஊருக்கெல்லாம் பெய்யக்கூடும். எனக்கு மட்டும் வராதே.' மனைவி அதை அவர் கையில் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவையும் படித்தார். அவர் எழுதிய அறிக்கை அவருக்கே எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைத்ததில்லை. அழுகை வந்தது. மகளுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு தடவை போட்டார், ஒன்றையும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பெய்து தொலைத்திருந்தாலாவது அவர் சொன்னதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

"நான் பேசிச் சொல்லிடவா?" என்றாள் மனைவி.

"வேண்டாம். நானே போறேன்."

அலுவலக உதவியாளரைப் போனில் அழைத்து அன்றைய அறிக்கையை அவரையே எழுதச் சொன்னார். "சார், கணவாய்க்கு என்ன போடட்டும்?" என்றார் உதவியாளர். "உங்களுக்குத் தோணினதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார். கணவாயைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. இறக்கத்தில் ஒரு துளி வெள்ளை கண்ணாடியில் ஒட்டியது. பிறகு பத்து. ஊருக்குள் நுழைந்தபோது சாலை தெரியவில்லை. பின்னால் வந்த வண்டிகளை மலைமேலேயே நிறுத்திவிட்டதாக ஓட்டுநருக்குச் செய்தி வந்தது. பஸ்ஸில் எல்லோரும் வானிலை அலுவலகத்தைத் திட்டினார்கள். இவர் கழுத்துத்துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சைக்கிள் கடைக்கு மேலே வீடு. வாசல் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு மகள் திறந்தாள். அவர் தலையிலும் தோளிலும் பனி. சொன்னபடி பெய்ததைக் காட்டிப் பேச அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவர் பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வரலாமாம்மா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தினமும் பார்ப்பது போலவே தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரக்கூடும்" என்று சொல்லி, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.