நடுவில் இருந்த சொல்

அப்பாவின் குரல் திரும்புமா, திரும்பாதா என்பதுதான் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. கார்டன் ரீச் பக்கம் துறைமுகத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கூட்டத்துக்குக் குரல் கொடுப்பது அவர் வேலை. கீழே நின்றுகொண்டு அவர் ‘ஹாபிஸ்’ என்று கத்தினால் கிரேன்காரர் சரக்கைத் தூக்க வேண்டும், ‘ஆரியா’ என்றால் இறக்க வேண்டும். பீகாரி, வங்காளி, ஒடியாக்காரர் யாராக இருந்தாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். பங்குனியில் கம்மத் தொடங்கிய தொண்டை ஆடி பிறந்தும் தெளியவில்லை. பீடியைக் குறைத்தார். மிளகுப் பால் குடித்தார். அம்மா காளிகாட்டுக் கோயிலுக்குப் போய்ச் செம்பருத்தி மாலை சாத்திவிட்டு வந்தாள். கடைசியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ரயில்வே கிளார்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய கைடில் ஆங்கிலச் சொற்களை வால்வாலாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ‘சைட்’ என்று முடிந்தால் கொலை: ஹோமிசைட் மனிதக் கொலை, ரெஜிசைட் அரசனைக் கொல்வது. ‘ஃபோபியா’ என்று முடிந்தால் பயம். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. வாலைப் பிடித்துக்கொண்டால் போதும், முன்பாதி தெரியாவிட்டாலும் பாதி மார்க்காவது தேறிவிடும் என்று நம்பினேன்.

எங்கள் வீட்டில் படிப்பது என்றால் சத்தமாகப் படிப்பதுதான். வாய்க்குள் படித்தால் அப்பாவுக்கு அது படிப்பாகவே தோன்றாது, “புஸ்தகத்த வேடிக்க பாக்கான்” என்பார். எழுத்தே தெரியாதவர், மகன் படிக்கிறானா என்பதைக் காதால்தானே பார்க்க முடியும்? அவர் வேலைக்குக் கிளம்பும்வரை, விடிகாலையில் நான் ஒரு சொல்லையும் அதன் பொருளையும் உரக்கச் சொல்வேன். பாயில் உட்கார்ந்து பீடி இழுத்தபடி அவர் ‘ம்’ கொட்டுவார். அந்த ‘ம்’ வந்தால்தான் அடுத்த சொல். மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் மேல்வீட்டு வங்காளி அம்மாள் ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, பொழுது விடிந்தால் உங்கள் வீட்டில் இத்தனை கொலையா என்று வங்காளியில் கேட்டாள். அப்பாவிடம் சொன்னேன். படிக்காத வீட்டில் இப்படித்தான் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிடு என்றார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டைச் சதையைச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வந்த காலையில் பெரிய டாக்டர் சின்ன டாக்டர்கள் சூழ அப்பாவின் கட்டிலருகே வந்து நின்றார். அவர்களிடம் ஆங்கிலத்தில், “டோட்டல் லாரிஞ்செக்டமி” என்றார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டி வங்காளியில், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சிரித்துப் பேசியதில் அவள் முகமும் தெளிந்திருந்தது. எனக்குள் அந்த வால் இறங்கியிருந்தது. அப்பாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் யோசிப்பதற்குள் அவர் கையை அசைத்துக் கூப்பிட்டார். கம்மிய குரலில் கேட்டார்:

“ஏல, டோட்டல்னா முழுசா, இல்லையா?”

“ஆமாப்பா.”

“எக்டமின்னா வெட்டி எடுக்கது.”

டாக்டர்கள் இவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாயில் உட்கார்ந்து கொட்டிய ஒவ்வொரு ‘ம்’முக்கும் ஒரு சொல்லை அவர் உள்ளே வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

“நடுவுல என்னமோ சொன்னாரே, அது என்னதுல?”

“தெரியலப்பா.”

“தெரியலியா? அப்போ ஊரு எந்திரிக்க மாதிரி தெனம் என்னத்தக் கத்துன?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் புத்தகத்தில் அந்த வாலுக்கு முன்னால் இருந்தவை டான்சிலும் குடல்வாலும்தான். அவை போனாலும் மனிதன் பழையபடி தின்று, நடந்து, சண்டை போட்டுக்கொண்டிருப்பான். வேறு எதுவும் அங்கே வந்து உட்காரக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வார்டின் கோடியில் மேசையருகே கேரளத்து சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். அவளிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேன். டாக்டர் உங்களிடம் விளக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, குரல் வருகிற பெட்டி என்றாள். அதை முழுசாக எடுத்தால்தான் நோய் போகும், மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள் என்றாள். அப்பாவால் பேச முடியுமா என்று கேட்டேன்.

“இல்ல மோனே” என்றாள்.

கட்டில்களுக்கு நடுவே நான் திரும்பி நடந்து வருவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சத்தம் வார எடம்பா” என்றேன். “அத முழுசா.”

அம்மாவின் கையில் சாத்துக்குடிச் சுளை அப்படியே நின்றது. அப்பா கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

“எடுக்காட்டா?”

சிஸ்டரிடம் கேட்டிராவிட்டாலும் அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவரே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

“எடுக்கச் சொல்லு” என்றார்.

ஆபரேஷன்வரை அவர் ஏதாவது பெரிதாகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சோறு குழைந்திருப்பதையும், கொசுவலையில் இருந்த ஓட்டையையும், பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையையும் பற்றித்தான் பேசினார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடிகாலையில் நான் வாய்க்குள்ளேயே படித்தேன். சத்தம் போட்டால் அவருக்கு வலிக்குமோ என்று ஒரு கூச்சம். பாயிலிருந்து டங்கென்று ஒரு சத்தம் வந்தது. கையில் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

சத்தமாக ஆரம்பித்தேன். ‘ம்’முக்குப் பதில் டம்ளர் தரையில் தட்டியது. கொலைகள் முடிந்தன. பயங்கள் முடிந்தன. அடுத்த இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பி, எக்டமியைத் தாண்டி வேறு வாலைத் தொடங்கினேன். டம்ளர் தட்டவில்லை. மறுபடி சொன்னேன். தட்டவில்லை. எதற்குப் பின் எது வரும் என்று அந்தக் காதுகளுக்குத் தெரியும்.

பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். டான்சிலெக்டமி என்று சொல்லிப் பொருளைச் சொன்னேன். தட்டினார். அப்பெண்டெக்டமி. தட்டினார். புத்தகத்தில் அந்த வால் அத்தோடு முடிகிறது. அவர் டம்ளரை உயர்த்தியபடியே வைத்திருந்தார்.

லாரிஞ்செக்டமி என்றேன். டம்ளர் அசையவில்லை. பொருளையும் சொன்னேன்.

தட்டினார். பிறகு, மேலே படி என்பதுபோல் கையை அசைத்தார்.