அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தது யார்? ஈப்போவுக்குப் போய் வாதாடியது

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன், எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் சேர்த்து. சென்ற சனிக்கிழமை ஈப்போவில் பள்ளிகளுக்கான தமிழ்ச் சொற்போர். வென்றால் கோலாலம்பூர் இறுதிச்சுற்று. எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தை அழித்தது யார் என்பது தலைப்பு. துறைமுகத்தில் தீ வைத்த சீசர் என்பது எதிரணியின் கட்சி. அவருக்குப் பின் ஆண்டவர்கள் என்பது எங்கள் கட்சி, அதாவது நானும் ஜரீனாவும். இருவரும் நான்காம் படிவம், பதினாறு வயது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் லட்சக்கணக்கான சுருள்கள் ஒரே ஊரில் இருந்தனவாம். எங்கள் பள்ளி நூலகத்தில் நான் இன்னும் நான்கு அலமாரிகளைக்கூட முடிக்கவில்லை.

காலை 7.10க்கு ஜரீனாவின் அத்தா எங்கள் ஊர் சித்தியவானில் வேனை எடுத்தார். அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள், முன்பு ரப்பர் எஸ்டேட்டுகளாக இருந்த இடங்கள். 8.05க்கு பாரிட் அருகே ஒரு கடையில் நிறுத்தினோம். தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, 2 ரிங்கிட். அங்கேதான் என் பலமான வாதத்தை ஒப்பித்துப் பார்த்தேன்: ஏழாம் நூற்றாண்டில் ஊரைப் பிடித்த அரபுக் கலீபாவின் உத்தரவுப்படி, சுருள்களை எரித்தே ஆறு மாதம் குளியலறைகளுக்கு வெந்நீர் போட்டார்கள்.

“ஆறு மாசமா? பேப்பர்ல டீத்தண்ணிகூட கொதிக்காதுலா. என் கடைக்கு ரப்பர் கட்டைதான் வாங்குறேன், அது நின்னு எரியும்” என்றார் அங்கிள், ஜரீனாவின் அத்தா.

எரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். கடைக்கார அக்கா பின்பக்க விறகடுப்பைக் காட்டினார். அங்கிள் தன் நாளிதழை நீட்டி, இன்னும் விளையாட்டுப் பக்கம் படிக்கவில்லை என்று முனகினார். முழு நாளிதழும் 3 நிமிடம் 40 விநாடியில் சாம்பல். ஒரு லிட்டர் தண்ணீர் விரல் வைக்கும் சூட்டில்தான் இருந்தது. நாளிதழும் அந்தச் சுருள்களின் பாப்பிரஸ் நாணல் தாளும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றும் தெரியும்: அந்தக் கதை, ஊரைப் பிடித்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அதைப் படித்திருந்தும் என் வாதக்குறிப்பு அட்டையில் நான் எழுதவில்லை.

வேனில் ஜரீனாவிடம், அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் முஸ்லிம்னு எனக்காக விடுறன்னா விடாத. பொய்னு தோணுச்சுன்னா விடு.”

அட்டையை எடுத்து மறுபடி படித்தேன். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் செங்குத்தாக எழுந்து நின்றன. அந்த நூலகம் எரியும்போதும் இவை இங்கே இப்படித்தான் நின்றிருக்கும் என்று நினைத்ததும் கையிலிருந்த அட்டை சிறுத்துப்போனதுபோல் இருந்தது.

மேடையில் அந்தக் கதையைச் சொன்னேன். உடனே, இதை நான் நம்பவில்லை என்றும் சொன்னேன். பிறகு எழுதி வைக்காத ஒன்றைப் பேசினேன். பாப்பிரஸ் மட்கும், அதனால் யாராவது திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படியெடுப்பவர்களுக்குச் சோறு போடுவதை நிறுத்திய ஒவ்வோர் ஆட்சியும் தீ இல்லாமலே நூலகத்தை அழித்தது.

இரண்டு புள்ளிகளில் தோற்றோம். சொந்த ஆயுதத்தையே முறித்துவிட்டோம் என்றார் நடுவர். ஜரீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோலாலம்பூர் போக முடியாதது இன்னும் வலிக்கிறது.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு: சித்தியவானிலிருந்து 84 கிலோமீட்டர், இடையில் நிறுத்தினால் இரண்டு மணி நேரம். வண்டி நிறுத்த 3 ரிங்கிட். உங்களுக்கு எதிராக நீங்கள் படித்ததையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மண்டபத்திலிருந்து எல்லோரும் போன பிறகு எதிரணி மாணவிகள் இருவர் எங்களிடம் வந்தார்கள். “சீசர் தீயில எரிஞ்சது துறைமுகக் கிடங்கு மட்டுமா இருக்கலாம்னு நாங்களும் படிச்சோம்லா. சொல்லல” என்றாள் ஒருத்தி. மேடை விளிம்பில் நால்வரும் உட்கார்ந்து, அணி இல்லாமல் வாதத்தை முதலிலிருந்து தொடங்கினோம். காவலாளி அண்ணன் இரண்டு முறை வந்து பார்த்தார். அஞ்சே நிமிஷம் என்றோம். மூன்றாம் முறை வந்தவர் விளக்குகளை அணைத்தார்.