டிரைவர் அண்ணன் கூவிய ஊர்கள்

பஸ்ஸில் ஸ்டாப் பெயரைக் கூவுவது கண்டக்டரின் வேலை. அன்று காலை மரக்காணத்தை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே டிரைவர் அண்ணன் தலையைத் திருப்பி, "உப்பளம் இறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று சத்தம் போட்டார். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு கண்டக்டரான என்னைப் பார்த்தார்கள். "ஏம்பா, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று ஒரு அம்மா கேட்டார். அதற்கும் டிரைவர் அண்ணனே பதில் சொன்னார்: "சாயங்காலம் அவனுக்குக் கச்சேரி இருக்குது. தொண்டை கட்டிக்கும். நான் கத்தறேன், நீங்க இறங்குங்க."

முந்தின வாரம் மாதா கோயில் திருவிழா மேடையில் பாட்டின் நடுவே என் குரல் உடைந்துவிட்டது. அதை டீக்கடையில் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். நாளெல்லாம் கூவி, உப்புக்காற்றையும் புழுதியையும் விழுங்கிய தொண்டை சாயங்காலம் எந்த உச்சத்துக்கு ஏறும்? டிரைவர் அண்ணனுக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே ஒரு முறை என் கச்சேரிக்கு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். ஆனாலும் எனக்கு மேடை இருந்த நாளெல்லாம் கூனிமேட்டிலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் அவர்தான் கூவினார்.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழு என்னை முழுநேரமும் பாடக் கூப்பிட்டது. லீவு கிடைத்தால் வருகிறேன் என்கிற ஆள் வேண்டாம், ஊர் ஊராக வர வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். கவர்மெண்ட் வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்து பாதமெல்லாம் வெடித்துப் போனவள். விஷயத்தைச் சொன்னதும், "நான் வெயில்ல நின்னேன். நீ நிழல்லயாவது நிக்கிறியேன்னு இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் கூனிமேட்டில் நிற்கும்போது வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும். பெரிய முதலியார்சாவடி வருவதற்குள் பயம் பிடித்துக்கொள்ளும். டிக்கெட் வாங்கியவரிடமே மறுபடி டிக்கெட் கேட்டுத் திட்டு வாங்கினேன். பார்த்தவரிடமெல்லாம் யோசனை கேட்டேன். விடு என்றவர்களும் விடாதே என்றவர்களும், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் சாப்பிடும்போது டிரைவர் அண்ணனிடமும் கேட்டேன். "போவாத" என்றார், சாப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஏன் என்றேன். "உனக்காகச் சொல்லலப்பா. உன்கூட வண்டி ஓட்டறது சுகமா இருக்குது. நீ போயிட்டா எவன் வர்றானோ." எனக்குச் சிரிப்பு வந்தது. என் நல்லதுக்கு என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் எனக்குக் கச்சேரி எதுவும் இல்லை. ஆனால் உப்பளம் வந்ததும் அவர் கூவினார். கூனிமேட்டிலும் கூவினார். "இன்னிக்கு கச்சேரி இல்லண்ணே" என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன். "தெரியும். நீ முடிவு பண்ற வரைக்கும் தொண்டை நல்லா இருக்கட்டும். வேலையில நின்னா நீயா நிக்கணும். தொண்டை போயிடுச்சேன்னு நிக்கக் கூடாது" என்றார். போவாதே என்று சொன்ன வாய்தான் எனக்காகக் கத்திக்கொண்டிருந்தது. அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

இப்போது சில மாதம் மூச்சுவிட நேரமில்லாமல் பாடுகிறேன். சில மாதம் போனையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். வேலையை விட்டது சரியா என்று யாராவது கேட்டால், காலையில் ஒரு பதிலும் சாயங்காலம் ஒரு பதிலும் வருகிறது. பஸ்ஸில் என் கடைசி நாளைப் பற்றி மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் நான் முழுநேரப் பாடகனாக ஏறப்போகும் முதல் மேடை. டிரைவர் அண்ணன் வழக்கம்போல வாயைத் திறந்தார். "இன்னிக்கு நீங்க சும்மா ஓட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நானே கூவினேன். ஒவ்வொரு ட்ரிப்பிலும், ஒவ்வொரு ஊரையும், அடிவயிற்றிலிருந்து கூவினேன். அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். ஒரு கையால் மட்டும் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் முதல் பாட்டிலேயே குரல் கிழிந்தது. இறங்கி வந்ததும் குழுத் தலைவர் பிடித்துக்கொண்டார். "வேலையத்தான் விட்டுட்டியே, பகலெல்லாம் தொண்டைய என்னாப்பா பண்ண?"

"ஒருத்தருக்கு ரெஸ்ட் குடுத்தேங்க" என்றேன்.