பேதுருவின் கால்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பழைய படம் தொங்குகிறது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது. இயேசு முழங்கால் போட்டுப் பேதுருவின் காலைக் கழுவுகிறார். குருத்து ஞாயிறன்று பங்குப் பேரவைத் தலைவர் அதன் முன்னால் நின்று அரை மணி நேரம் அறுத்தார்.

"அதிகாரம்னா குனியறது. ராஜா எப்படிக் குனியறாரு பாருங்க."

கீழே விழுந்த தன் கார் சாவியைக்கூட அடுத்தவரை எடுக்கச் சொல்கிற ஆள் அவர்.

படம் பார்க்கவும் தெரியவில்லை. குனிந்திருப்பவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. கூசிப்போயிருப்பது பேதுருதான். ஒரு கை நாற்காலியை இறுகப் பிடித்திருக்கிறது. மறு கை அங்கியை அமுக்குகிறது. காலைக் காட்டுகிறவனுக்குத்தான் வெட்கம்.

அப்பாவுக்கு அது தெரியும். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். இனிப்பு நீர் வியாதி அவருடைய இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அதே வருடம் பெரிய வியாழன் பூசையில் பாதர் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்திலிருந்து அவர் பெயர் சீட்டில் விழுந்தது. "என் காலையா? என் காலையா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் வழக்கம் என்னவென்றால், கழுவப்படும் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவோம். பாதர் கையில் அழுக்கு படக்கூடாதாம். தலைவர் சலூனுக்கே போய் வந்திருந்தார். நகமெல்லாம் பளபளப்பு. பன்னிரண்டு பேரில் அவர் எல்லா வருடமும் உண்டு. அவருக்குச் சீட்டெல்லாம் கிடையாது.

பூசைக்குச் சற்று முன் என்னை ஓரங்கட்டினார்.

"தங்கச்சி, அங்கிள் கால்ல கட்டு இருக்கு. லைவ் போகுது லா. பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

அப்பாவின் நாற்காலியில் தன் மச்சானை உட்கார வைத்தார். தூ, இவர் சொன்ன குனிதல் இதுதானா! என் வாயில் மட்டும் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பாவைக் கடைசி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கட்டுப் போட்ட காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பூசை முடிந்து பேசின் பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் கால் கழுவிய தண்ணீர், குழாயில் பிடித்தபடியே தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். மோனோரயில் பாலத்துக்குக் கீழே அப்பா மூச்சு வாங்க நின்றார். கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தார்.

"நான் நல்லா கழுவிட்டுதாம்மா வந்தேன்," என்றார்.